தைராய்டு இல்லை

“அசையாதீங்க… கண்ணை நேரா வைங்க.”

வைத்தான். அந்த இரண்டு கண்களும் நேராக அவள் கண்ணுக்குள் வந்து நின்றன. மழையில் நனைந்து வந்தவன்… இமை ஓரத்தில்கூட ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் தினம் எத்தனையோ கண்களைப் பார்க்கிறவள்தான். இன்றைக்கென்று பார்த்து, பாழாய்ப்போன கை இன்னும் அதிகமாக நடுங்கித் தொலைத்தது. அவன் போட்டிருந்த புது ஃப்ரேமின் லென்ஸில், கண்மணிக்கு நேராகப் புள்ளி வைக்க வேண்டிய பேனா அவன் மூக்கில் கோடு இழுத்தது.

“ஐயோ… லூசா நீங்க?”

“ஆமாங்க.” மறுத்துப் பேச அவளுக்குத் தெம்பில்லை. “அதுக்குத்தான் மாத்திரை சாப்பிடறேன்.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். தமாஷாம்! மாடியில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வந்த மெக்கானிக். வேலையில் கண்ணாடியை உடைத்துக்கொண்டவன். மூக்கில் மைக்கோட்டோடு சிரித்தபடியே போனான்.

அதன்பிறகு அந்த லிஃப்ட் அடிக்கடி கெட்டுப்போனது. அப்படி என்ன கோளாறோ, அவனுக்கே வெளிச்சம்!

“ஏய் லூசு… சாப்பிட்டியா?”

அவன் கொஞ்சல் இதுதான். ஊரே செல்லமாகச் சொல்கிற வார்த்தை. அவளுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. சொல்லிவிடலாமா… எந்த வார்த்தையில் சொல்வது? வெளியே லூசு, மெண்டல், கழண்ட கேஸ் என்று ஆயிரம் இருந்தன. வீட்டிலோ பேரே கிடையாது. “அதுக்கு டாக்டரைப் பார்த்தியா?” என்று அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்பாள். வெறும் ‘அது’.

“கல்யாணம் முடியற வரைக்கும் வாயைத் திறக்காதடி. தைராய்டுன்னு சொல்லிக்கலாம்.”

“எத்தனை நாளைக்குக்கா? எனக்கு அலுத்துப்போச்சு.”

ஞாயிற்றுக்கிழமை அவன் கல்யாணப் பேச்சு எடுக்க வீட்டுக்கு வந்தான். அவள் நீட்டிய காபி தட்டில் சிந்தியது.

“தைராய்டு மாத்திரை, தம்பி. கை லேசா நடுங்கும், வேற ஒண்ணுமில்ல,” என்று அக்கா முந்திக்கொண்டாள்.

அவன் தலையாட்டிவிட்டு ஊர்க்கதைக்குத் தாவினான். “எங்க பக்கத்து வீட்டுல ஒரு மெண்டல் கேஸ் இருக்குக்கா. மாடிப்படியில உட்கார்ந்து தனியாப் பேசும். அதை யார் தலையில கட்டப்போறாங்களோ, பாவம்!”

அக்கா சிரித்தாள். அளவுக்கு மீறியே சிரித்தாள்.

அவன் தெரியாமல் பேசினான், போகட்டும். அக்கா தெரிந்தே சிரிக்கிறாளே… அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

“தைராய்டு இல்ல,” என்றாள். “எனக்கு மனநோய். பைபோலார்னு சொல்வாங்க. மனசு தலைகால் தெரியாம ஏறும், அப்புறம் எழுந்திருக்கவே முடியாம விழும். போன வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தேன். மாத்திரையாலதான் இப்ப நல்லா இருக்கேன். மறுபடி வராதுன்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க.”

அவன் எழுந்தான். “வரேன்,” என்றான். போய்விட்டான்.

“உன் வாழ்க்கையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டியேடி!” என்று அக்கா அழுதாள். தங்கைக்கோ அழுகை வரவில்லை. தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி அசதியாக இருந்தது, அவ்வளவுதான். படுத்ததும் தூங்கிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க லிஃப்ட் ஒழுங்காக ஓடியது.

சனிக்கிழமை கடை அடைக்கும் நேரம்… மழை. வாசலில் சொட்டச் சொட்ட நின்றான். வழக்கமான வார்த்தைக்கு வாயைத் திறந்து, அப்படியே விழுங்கிக்கொண்டான்.

“நான் பேசினதெல்லாம் தப்பு,” என்றான்.

“சரி.”

“உன்னை மறந்துடலாம்னு பார்த்தேன்… முடியல. மனசு பூரா நீதான் இருக்கே. ஆனா பயமா இருக்கு. மறுபடி உனக்கு முடியாமப் போனா நான் என்ன செய்யணும், எதுவும் தெரியாது. பயம் போனதும் வரலாம்னு இருந்தேன்… போற மாதிரி தெரியல.” அந்தக் கண்கள் அவளை விட்டு நகரவில்லை. “பயத்தோடயே வரட்டுமா?”

அவள் ஷட்டர் கம்பியைக் கீழே வைத்தாள். தைரியம் சொல்கிறவர்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் அவள். பயமாக இருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னவன் இவன் ஒருத்தன்தான். அழுகை இப்போதுதான் வந்தது.

“எனக்கும் தினம் பயம்தாங்க…” என்றாள். “வாங்க. சேர்ந்தே பயப்படலாம்.”