கை படக்கூடாத துப்பாக்கி

நாகரசம்பட்டிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. மாந்தோப்பின் நடுவே இருந்த பழைய வீட்டில் நாராயணப்பன் காத்திருந்தார். அவருடைய அப்பாவின் துப்பாக்கியை விற்க வேண்டும்; அதற்கு அடையாளமும் மதிப்பும் எழுதிய தாள் வேண்டும். போச்சம்பள்ளிக் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்த மூன்று வருடமும் போனில் பழைய துப்பாக்கிகளைப் பற்றித்தான் படித்தேன். வேலையை விட்டுவிட்டேன். இப்போது இதுதான் பிழைப்பு.

"யாரூட்டுப் பையன் நீ?" என்றார்.

"கங்கப்பன் மவன், இளம்பரிதி. அறுவது வருசம் முன்ன உங்க மாமரத்துல இருந்து உழுந்து செத்தாருன்னு சொன்னீங்களே முனிவேலு, அவரு பேரன்."

அவர் முகம் சுருங்கியது. "சரி. கை படாம பாத்துச் சொல்லு."

"கை படாம பாக்க இதென்ன பொருட்காட்சியா, பெரியவரே?"

உள்ளறையைக் காட்டிவிட்டு அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். வெளியே சித்திரை வெயில். உள்ளே ஈரச் சுவரின் குளிர். அடுக்கியிருந்த மாம்பழ வாசனைக்கு அடியில் மூக்குப்பொடி நெடி.

"இங்க யாரு பொடி போடறது?"

"எங்கப்பா போடுவாரு. அவரு போயி நாப்பது வருசமாச்சு."

சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தேன். பக்கவாட்டில் கிரீடம்; அதற்குக் கீழே 1887. மார்ட்டினி ஹென்றி. வெள்ளைக்காரப் பட்டாளத்துச் சரக்கு. அடியிலுள்ள நெம்புகோலை இழுத்தால் குண்டு போடும் வாய் திறக்கும். இழுத்தேன்.

என் காதருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஈயக் குண்டை எடுத்தேன். தாத்தா முனிவேலின் பிணத்தைக் குளிப்பாட்டியபோது முதுகில் கிடைத்தது. அறுபது வருடமாக எங்கள் வீட்டில் துணியில் முடிந்து வைத்திருந்தோம். முனை நசுங்கியிருந்தது, அடிப்பக்கம் வட்டமாகவே இருந்தது. வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். பதினொன்றரை மில்லிமீட்டர். குழல் வாயும் அதே அளவு. குழலுக்குள் ஏழு பள்ளம்; வெளியேறும் குண்டில் அவை கீறலாகப் பதியும். குண்டில் ஏழு கீறல்.

அப்போது என் கையின் மேல் இன்னொரு கை அமர்ந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. கனத்தது.

"கீழ வைடா."

குரல் வாசலிலிருந்து வரவில்லை.

"வெச்சுடு தம்பி," நாராயணப்பன் கிசுகிசுத்தார். "வாங்க வந்த பெங்களூர்க்காரன் ஒருத்தன் தொட்டுட்டு, செருப்பக்கூட உட்டுட்டு ஓடிட்டான். எங்கப்பா அத யாருக்கும் உட மாட்டாரு."

"முதுகுல சுட்டவருதான? இப்ப முன்னால வரச் சொல்லுங்க."

யாரும் வரவில்லை. கை மட்டும் இறுகியது.

துப்பாக்கியை மடியில் கிடத்தி, அதன் மேலேயே தாளை வைத்து எழுதினேன். அந்தக் கை என் மணிக்கட்டுக்கு நகர்ந்தது. எலும்பு நெரிந்தது.

பேனாவை நிறுத்தவில்லை.

'மார்ட்டினி ஹென்றி, 1887. முனிவேலைப் பின்னாலிருந்து சுட்டுக் கொன்ற துப்பாக்கி. மதிப்பு: போலீஸ் ஸ்டேஷனில் விசாரிக்கவும்.'

நாராயணப்பன் படித்தார். தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டார். "எங்கப்பன் பேரு என்னாவறது?" என்றார்.

"எங்க தாத்தன் பேரு அறுவது வருசம் என்னாச்சோ, அது."

இன்னொரு தாளில் அதையே எழுதி ஸ்டேஷனில் கொடுத்தேன். மறுநாள் ஜீப்பில் வந்து துப்பாக்கியை எடுத்துப் போனார்கள்.

அந்தக் கை அதோடு போகவில்லை. மணிக்கட்டில் ஐந்து விரல் தடம் கருத்துக் கிடக்கிறது. பேனா எடுத்தால் இறுக்குகிறது. இந்த வரியிலும் நெரிக்கிறது.

இன்னொரு முறை எழுதுகிறேன்.

முனிவேல்.