தண்ணீரை எட்டிப் பார்த்தது

ஜெயபாக்கியம் எதையும் இருமுறை கழுவுகிற பெண். குரங்கணிக்கு மேலுள்ள ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் கூடத்தைக் கவனித்துவந்த யோசேப்புக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்பது ஆண்டுகள் கழிந்தும், அம்மலையின் அட்டைகளோடு அவளால் இணங்கிப்போக இயலவில்லை. மாலைதோறும் மகள் கிரேஸை வாசலில் நிறுத்தி, கால்விரல் இடுக்குகளையும் முழங்காலின் பின்புறத்தையும் விளக்கொளியில் ஆராய்ந்து, உப்புப் பொட்டலத்தால் ஒற்றிய பின்னரே உள்ளே விடுவாள். ஓடைநீரை மூன்றாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் எவருக்கும் கொடுக்கமாட்டாள்.

அந்தத் துணியை ஒரே ஒருநாள் வேறொன்றுக்குப் பயன்படுத்திவிட்டாள்.

ஐம்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரேஸுக்கு ஏழு வயது நிறைந்தது. அதனைப் போடியில் கொண்டாடுவது என்று முடிவாயிற்று: ஆலயத்தில் ஆராதனை, ஸ்டூடியோவில் ஒரு படம், மிட்டாய்க்கடை அல்வா, திங்கள் விடியலில் மலையேற்றம். சனிக்கிழமை நடந்து இறங்குகையில், புதுக்கவுன் அழுக்காகிவிடக்கூடாதென்று அதனை அந்த வெள்ளைத் துணியில்தான் பொதிந்திருந்தாள். பாதி வழியில் குழந்தை தண்ணீர் கேட்டது. பொதியை அவிழ்க்க மனமில்லை. கிரேஸ் ஓடையில் குனிந்து, இரு கைகளாலும் அள்ளிக் குடித்தாள். ஒரே ஒரு வாய்.

சந்தைக்கு அருகே ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்றின் மாடியில் அவர்களுக்கு அறை கிடைத்திருந்தது. ஞாயிறு காலையில் தலையணை உறையில் காலணா அளவில் ஒரு கறை கிடந்தது. கறுப்பாக, ஓரம் மட்டும் சிவந்து, இன்னும் காயாமல். ஜெயபாக்கியம் குழந்தையின் உடல் முழுவதும் தேடினாள். எங்கும் ஒரு கடியும் இல்லை.

"வெக்கை ஏறி மூக்குல ரத்தம் வந்திருக்கு, அம்புட்டுத்தான்," என்றான் யோசேப்பு. "பொறந்தநாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிராத, பாக்கியம்."

ஆலயத்தில் பாடுகையில் மகளின் மூச்சு அவள் முகத்தில் பட்டது. கீழ்க்கிட்டங்கியிலிருந்து உடைகளில் ஏறியிருந்த ஏலக்காய் மணத்துக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. பாசி படர்ந்த கல்லைப் புரட்டினால் எழும் ஈரவாடையும், இறைச்சிக்கடையின் வாய்க்காலில் வெயிலேறும்போது கிளம்பும் துருநாற்றமும் ஒன்றாய்க் குழைந்து, இனிப்பாக, வெதுவெதுப்பாக வந்தது. சொந்தப் பிள்ளையின் மூச்சுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டோமே என்று அவளுக்கே வெட்கமாயிருந்தது.

படம் எடுத்தாயிற்று. மழை பிடித்துக்கொண்டது. அறைக்குத் திரும்பி, அல்வாவைத் தின்றுவிட்டு, கிரேஸ் தண்ணீர் டம்ளரின்மேல் குனிந்தாள். அப்போது இடது நாசியிலிருந்து கரிய முனையொன்று வெளிப்பட்டது. ஈரமாக மின்னியது. வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை அசைந்து, நீரை முகர்வதுபோல நின்று, உள்ளே போய்விட்டது.

"உள்ள ஒண்ணு நடக்குதும்மா," என்று குழந்தை சிரித்தது. "கூசுது."

யோசேப்பின் முகம் வெளிறினாலும் குரல் தெளிவாயிருந்தது. "மாட்டு மூக்குல ஏறுமே அட்டை, அதேதான். தட்டுல தண்ணி காமிச்சாத் தானா வெளிய வரும். சாம்பலத் தொட்டுக்கிட்டு வெரசா இழுத்துப்புடணும்."

மாடியறையை வாடகைக்கு விட்டிருந்த பிச்சைமணி பித்தளைத் தாம்பாளத்தில் நீரும் ஒரு சிரட்டை நிறையச் சாம்பலும் கொண்டுவந்தார். "மூணு பேருன்னுதான அண்ணே சொன்னீக? நாலாவது ஆள மூக்குல ஒளிச்சு வச்சிருக்கீகளே!" என்றார். எவரும் சிரிக்காததைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப்போனார்.

யோசேப்பு மகளின் தலையைப் பிடித்துக்கொண்டான். "நீ இழு, பாக்கியம். நான் தலய ஆடாமப் பிடிச்சுக்கிறேன்."

அவள் வாழ்நாளில் ஓர் அட்டையைக் கையால் தொட்டதில்லை. விரல்களைச் சாம்பலில் தோய்த்துக் காத்திருந்தாள். ஓட்டின்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. தாம்பாளத்து நீரில் மகளின் முகம் மங்கலாய்த் தெரிந்தது.

வந்தது.

பற்றினாள். குளிர்ந்த குடல்போலக் கொழகொழத்தது; விரல்களுக்குள் துடித்தது. பற்களைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஒரு விரற்கடை. ஒரு சாண். நேற்றுக் குடித்த ஒரு வாய் நீருக்கு இத்தனை நீளமா? இரண்டு சாண். இன்னும் முடியவில்லை.

"அம்மா," என்றாள் கிரேஸ்.

குழந்தையின் கன்னம் உட்குழிந்திருந்தது.

நிறுத்தினாள். சிறிது தளர்த்தினாள். கன்னம் நிரம்பிற்று.

மறுபடி இழுத்தாள். இப்போது உதடு வெளுத்தது. நகங்கள் வெளுத்தன. இடக்கண், மெல்ல, குழிக்குள் இறங்கியது. இழுத்த அளவுக்கு இறங்கியது.

"இழுக்காதம்மா. அது என்னோடது."

"நிறுத்து!" என்று அலறினான் யோசேப்பு. "பிள்ள உள்ள போகுது, பாக்கியம்! விடு! விட்ருடி!"

அவள் விடவில்லை. விடவும் முடியவில்லை. கையில் தொங்கிய முனை அவளை நோக்கித் திரும்பியது. அதன் நுனியில் ஒரு சிறு வட்ட வாய். குவிந்தது. விரிந்தது. மகளின் உதடுகளும் குவிந்தன. விரிந்தன.

"பசிக்குது," என்றாள் கிரேஸ்.

இரண்டு வாய்களும் ஒன்றாகவே அசைந்தன.

ஜெயபாக்கியம் விரல்களைத் தளர்த்தினாள். அது அவசரமின்றி, வழவழவென்று, இரண்டு சாணும் நாசிக்குள் திரும்பிச் சென்றது. கண் மேலெழுந்து நிலைத்தது. உதட்டில் நிறம் வந்தது. குழந்தை புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மீதமிருந்த அல்வாவைப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று தலையசைத்தது. யோசேப்பு சுவரோரம் அமர்ந்து குமுறினான்.

"நாளைக்கு விடிஞ்சதும் டாக்டரப் பாப்பம்," என்றான். "அதுவரைக்கும் பிள்ள உடம்புல ரத்தம் இருக்கணுமே."

கரிய முனை மீண்டும் வெளியே வந்து காற்றில் துழாவிற்று. இம்முறை அது நீரின் பக்கம் திரும்பவில்லை.

ஜெயபாக்கியம் வளையல்களை முழங்கைக்கு மேலே ஏற்றிக்கொண்டு, மகளின் முகத்தருகே மணிக்கட்டை நீட்டினாள்.

"டாக்டரு வேண்டாம்," என்றாள். "இனிமே நான் குடுத்துக்கிறேன்."