ஒரே நடை

திரையில் இருபத்துமூன்று என்று வந்ததும் யாமினிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த எண் வரவே முடியாது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

புயல் விடிவதற்குள் கரையைக் கடக்கும் என்றார்கள். மழை இன்னும் தொடங்கவில்லை; ஏரி மட்டும் ஈயத் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்துப் பள்ளிக்கூடத்தில், ஈரச் சாக்கும் சுண்ணாம்பும் மணக்கும் வகுப்பறையில், குட்டைப் பெஞ்சில் முழங்கால் இடிக்க அவள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். நிவாரண அதிகாரியும் அவரோடு வந்தவர்களும் பஸ்களை அழைத்துவர மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பேச்சுச் சத்தம் ஓய்ந்த பிறகு, எங்கோ ஒரு ஜன்னல் கதவு காற்றில்லாமலே கொக்கியை மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

சென்னையில் ஒரு சரக்குக் கம்பெனியில் லாரிகளுக்கு வழி போட்டுக் கொடுப்பது அவள் வேலை. வழியைக் கணக்கிடும் அதே மென்பொருளை, சால்வரை, வைத்துத்தான் இன்று ஏரித் தீவிலிருக்கும் தன் ஊர் பசியாவரத்து ஆட்களைக் கரைக்குக் கொண்டுவரும் படகுகளுக்குத் திட்டம் போட்டாள். நிபந்தனைகளை மட்டும் சொன்னால் போதும். ஒரு படகில் இத்தனை பேருக்கு மேல் ஏறக் கூடாது. குழந்தை தாயை விட்டுப் பிரியக் கூடாது. நடக்க முடியாதவருக்கு இரண்டு பேர் இடம். தீவில் ஒருவரும் மிஞ்சக் கூடாது. படகு போய்வரும் நடை எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைய வேண்டும். எப்படி என்பதை அது தேடிக்கொள்ளும். ஒரு தீர்வு கிடைத்ததும் டிங் என்று ஒலித்து எண்ணைக் காட்டும். இதைவிட நல்லது உண்டா என்று மறுபடியும் தேடப் போகும். இனி இல்லை என்று நிச்சயமானால்தான் நிற்கும்.

எல்லாப் படகும் நிறைந்து போனாலும் குறைந்தது இருபத்துநான்கு நடை வேண்டும். இதைத் தாளில் வகுத்தே பார்த்திருந்தாள்.

ஊராரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். வேதாசலம் இல்லை.

கை தவறி அழித்துவிட்டோமோ என்றுதான் நினைத்தாள். காலையில் அவர் வீட்டுக்குள் உட்கார்ந்துதான் பெயர் எழுதினாள். கால் விளங்காத மனுஷன், கட்டிலில் இருந்தபடியே மருமகளை அதட்டி இஞ்சி டீ போடச் சொன்னார். அம்மா போன பிறகு, அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்து ஒற்றை அறைக்கும் சென்னைக்குமாக ரயிலில் ஓடுகிற யாமினியை, "குட்டி நண்டு" என்று இன்னமும் கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான்.

தீவுத் துறையில் படகோடு காத்திருந்த மூர்த்திக்குப் போன் போட்டாள்.

"மூர்த்தி, வேதாசலம் தாத்தாவ மொத நடையிலயே ஏத்திடு. நாற்காலி வேணும்."

"எந்த வேதாசலம்க்கா?"

"இன்னா வெளயாடுறியா? உன் பக்கத்து வூடு."

"பக்கத்துல ஏதுக்கா வூடு? காலி மனைதான கீது. அங்க எப்பவுமே காலிதான்."

அவன் குரலில் கேலி இல்லை. அவனுக்குப் பின்னால் பெண்கள் பிள்ளைகளை அதட்டுவதும் பாத்திரங்கள் இடிபடுவதும் கேட்டன. அவள் நாக்கில் அந்த இஞ்சியின் காரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

டிங்.

இருபத்தொன்று.

போனில் கேட்ட பெண்களின் சத்தம் சட்டென்று இளைத்தது. கூட்டத்தில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்திக்கொண்டதுபோல் இருந்தது. மூர்த்தி எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. "நீ சொல்லுக்கா, மொதல்ல யாரு?" என்றான்.

அவள் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. ஏரிக்கு அப்பால், கிராமத்து விளக்குகள் தண்ணீரில் மஞ்சள் கோடுகளாக நீண்டு கிடந்தன. கோயிலை ஒட்டிய தெருவில் ஒரு விளக்குகூட இல்லை. கரண்ட் போயிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கரண்ட் போனால் கூரைகளாவது வானத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும். அங்கே கூரைகளும் இல்லை. நாணல் மட்டும் நின்றது.

டிங். பதினேழு.

ஓடிவந்து நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். தேடல் நிற்கவில்லை. மூடியைச் சாத்தினாள். மூடிக்குள்ளிருந்து, பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட பூச்சி மாதிரி, டிங். மறுபடி திறந்து, காலையில் எழுதிய அத்தனை பேரும் இருந்தாக வேண்டும் என்று ஒரு நிபந்தனையைத் தட்டினாள்.

திரை உடனே பதில் சொன்னது: நிபந்தனை ஏற்கெனவே நிறைவேறியுள்ளது. அனைவரும் இருக்கிறார்கள்.

டிங். பதினொன்று.

மூர்த்தியின் எண்ணை அழுத்தினாள். அப்படி ஓர் எண் உபயோகத்தில் இல்லை என்றது பதிவுக்குரல்.

அப்புறம் யோசிக்கவில்லை. செங்கல்வராயன், தீவிலிருக்கும் அவள் அப்பா, அவளுடைய நைனா, படகில் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதினாள். ஒருவர் பெயரை மட்டும் எழுதுகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அத்தனை பெயரையும் எழுத நேரமில்லை என்று சொல்லிக்கொண்டாள். திரை அதை ஏற்றுக்கொண்டது.

நைனா போனை எடுத்தார்.

"நைனா, நீ எங்க கீற?"

"வூட்டுலதாம்மா." குரலைத் தணித்துப் பேசினார். தூங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி.

"வெளிய யார்னா இருக்காங்களா பாரு."

"வெளிய யாரும் இல்ல. எல்லாரும் உள்ளதான் வந்துட்டாங்க."

"யாரு?"

"ஊரே வந்துகீது. வூடு கொள்ளல. இருட்டுல நின்னுகினு கீறாங்க. வேதாசலங்கூட நிக்கிறாரு, காலு ஊனி." குரலை இன்னும் தணித்தார். "யாருமே பேச மாட்டேங்குறாங்க யாமி. இன்னா கேட்டாலும் சும்மா பாக்குறாங்க."

"நைனா, வெளிய வா. இப்பவே."

"எப்பிடி வர்றது? வாசல்ல எடமில்லியே."

டிங். ஆறு. டிங். நான்கு. போன் அறுந்துபோனது.

அவள் ஓடினாள். வராந்தா, மணல், மீன் காயவைக்கும் தளம், துறை. செருப்பு எங்கோ கழன்றது. கரையில் ஒரு ஆள் இல்லை. பஸ்கள் வரவில்லை. நாய்கள்கூட இல்லை. எதிரே தீவில் ஒரு விளக்கு. ஒரே ஒரு விளக்கு. அதுவும் அணைந்தது.

கையிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. சால்வர் முடிவை அனுப்பியிருந்தது.

இதைவிடச் சிறந்த தீர்வு இல்லை. நடை: ஒன்று.

நின்றாள். சேற்று வாடை. தன் மூச்சு. வேறெதுவும் இல்லை.

பிறகு இருட்டிலிருந்து மூர்த்தியின் படகு வந்தது. மோட்டார் ஓடவில்லை. யாரும் கழி ஊன்றவில்லை. நேராக வந்தது, மெதுவாக, விளிம்புக்கும் தண்ணீருக்கும் விரற்கடை இடம் இல்லாமல் அமிழ்ந்து. அவ்வளவு பாரம். நைனா மட்டும் உள்ளே இருந்தார். அகலமான பலகையின் ஓரத்தில், தோளை ஒடுக்கி, முழங்காலைக் குறுக்கி, இரண்டு கைகளையும் மடியில் வளைத்து, யாருடைய குழந்தையையோ வைத்திருப்பவர் போல.

"நைனா!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அழுதிருந்தார். படகு துறையில் முட்டி நின்றது.

அப்போதுதான் மழை பிடித்தது. பெரிய துளிகள், சடசடவென்று. நைனாவின் தலை நனைந்தது, சட்டை நனைந்தது. பலகைகள் நனையவில்லை. மழை பலகைக்கு வந்து சேரவில்லை. ஆள் உயரத்தில், தலை உயரத்தில், தோள் உயரத்தில், வெற்றிடத்தில் விழுந்து தெறித்தது. வரிசை வரிசையாக. படகின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. நைனாவின் மடிக்கு மேலேயும், சின்னதாக.

"கொஞ்சம் தள்ளிக் குந்துங்கப்பா," என்றார் நைனா, பக்கத்தில் யாரையும் பார்க்காமல், உடைந்த குரலில். "எம் பொண்ணு ஏறட்டும்."

பலகை முனகியது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

நைனாவுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் அகலத்துக்கு, பலகையின் மேல் மழை விழத் தொடங்கியது.