ஒவ்வொருத்தரையா எழுப்பாதே

அந்த அறையில் ஈ இருந்ததுதான் முதலில் அவளுக்கு உறுத்தியது. பிணவறையை ஒட்டிய அலுவலகம். பல் கிட்டும் குளிர். ஆனாலும் கொழுத்த ஈ ஒன்று கணினித் திரையில் ஊர்ந்து, அவள் விரட்ட விரட்ட, ஈரக் கால்களோடு உதட்டோரமே வந்து உட்கார்ந்தது.

மருத்துவமனையின் இணையதளத்தைச் சரிசெய்ய வந்தவள் அவள். இறந்தவர் எந்தக் குளிர்ப்பெட்டியில் இருக்கிறார் என்று காட்டும் பக்கம் திறக்க யுகமாயிற்று. வெளியே உறவினர்கள் காத்துக் கிடந்தார்கள். பழுது உடனே பிடிபட்டுவிட்டது. தரவுத்தளத்தில் உடல்களின் பட்டியல் ஒரு டேபிளில், பெட்டிகளின் பட்டியல் இன்னொரு டேபிளில். ஒவ்வோர் உடலுக்கும் நிரல் தனித்தனியே ஓடிப்போய், 'இவருக்கு எந்தப் பெட்டி?' என்று தரவுத்தளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

சோதிக்கப் பக்கத்தைத் திறந்தாள். முதல் கேள்வி ஓடியதும், சுவருக்கு அந்தப் பக்கம் கனமான எதுவோ கரகரவென்று உருண்டு, நின்று, திரும்பிப் போனது. அடுத்த கேள்வி. மறுபடி கரகர. ஒவ்வோர் ஓசைக்கும் கதவிடுக்கு வழியே, மருந்து நெடியும் அழுகல் நாற்றமும் கலந்த வெதுவெதுப்பான காற்று, யாரோ முகத்துக்கு நேரே ஏப்பம் விட்டதைப் போல வந்தது.

"உள்ள யாராவது பெட்டியைத் திறந்து மூடறாங்களாண்ணே?"

கதவருகே பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த பிணவறைக் காவலருக்கு 'ஐஸ் அண்ணன்' என்று பெயர். அவர் நிமிரவில்லை. "சாவி என் இடுப்புல இருக்கும்மா. நீங்க பக்கத்தைத் திறக்கறப்பதான் சத்தம் வருது. ஒவ்வொருத்தரையா எழுப்பிக் கேட்டா அவங்களும் என்னதான் பண்ணுவாங்க?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். அப்படி நினைக்க விரும்பினாள்.

இனித் தனித்தனியாகக் கேட்க வேண்டாம். இரண்டு டேபிளையும் இணைத்து ஒரே கேள்வியாகக் கேட்டுவிடலாம். எழுதினாள். ஓடவிட்டாள்.

கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்துவிட்டது.

சுவருக்கு அப்பால் ஒரே ஓசை. எல்லாப் பெட்டிகளும்.

பிறகு அமைதி. பிறகு, சொத். சொத்.

"என்னம்மா பண்ணீங்க?" ஐஸ் அண்ணன் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இணைச்சேன்ணே. எல்லாத்தையும் ஒண்ணா..."

"பெட்டி நம்பர் வந்துடுச்சு! என் தம்பியைக் காட்டுங்கய்யா!" கைப்பேசியை நீட்டியபடி ஒரு பெண் உள்ளே ஓடிவந்தாள். ஐஸ் அண்ணன் பூட்டைத் திறந்தார்.

பெட்டிகள் வெளியே நீண்டிருந்தன. யாரும் தனியாக இல்லை. ஒருவர் தோள் அடுத்தவர் கன்னத்துக்குள் புதைந்திருந்தது. பெட்டிக்குப் பெட்டி தோல் பாலாடையாக இழுபட்டுத் தொங்கியது. அதன் நுனியில் மஞ்சள் நீர்.

தடுப்பதற்குள் அந்தப் பெண் தம்பியின் முகத்தைத் தொட்டுவிட்டாள். கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. மணிக்கட்டு வரை மாவில் இறங்குவது போல இறங்கியது.

எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்தன.

"அக்கா."