முரசின் மேல் கடுகு

காலையில் அவள் கடுகை முரசுத் தோல் முழுவதும் பரப்பிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினாள். மாலையில் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு, மழையில் பாதி நனைந்து வந்து, கூடத்து விளக்கைப் போட்டபோது, அத்தனை கடுகும் ஒரே பக்கமாக ஒதுங்கி விளிம்போரம் பிறைபோலக் கிடந்தது. சமையலறை இருக்கும் பக்கம்.

மேசை சரிந்திருக்கும் என்று நினைத்தாள். மகளின் கோலிக்குண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது வைத்த இடத்திலேயே நின்றது.

"அம்மா, ஷூவுக்குள்ள தண்ணி. நடந்தா தவளை மாதிரி கத்துது" என்றாள் மகள். குட்டி என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். அவள் மகளின் ஷூக்களைக் கழற்றிக் கவிழ்த்து, காயட்டும் என்று சமையலறைக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். வந்ததும் கண் மறுபடி முரசுக்கே போயிற்று.

தோல் ஒரு பக்கம் தளர்ந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். மியூசியத்தில் பழம்பொருள்களைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. உடைந்த சிலைகள், துருப்பிடித்த வாள்கள், செல்லரித்த பல்லக்குகள் என்று எத்தனையோ பார்த்திருக்கிறாள். ஆனால் இந்த முரசுக்குப் புதுத்தோல் போடச் சொன்னபோது மட்டும் அவள் தயங்கினாள். பழசை அப்படியே விட்டுவிடலாமே என்றாள். இயக்குநர் கேட்கவில்லை. புதுக்கூடம் திறக்கும் நாளில் அது வேலை செய்ய வேண்டும், ஜனங்கள் பார்க்க வேண்டும் என்றார். அங்கே இன்னும் தரை உடைக்கிறார்கள், எங்கும் தூசி. ஈரமும் தூசியும் படாமல் தோல் இறுக வேண்டும் என்று அவளே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

அது அடிப்பதற்கான முரசு அல்ல. கேட்பதற்கானது. மியூசியத்தில் வழிகாட்டியாக இருப்பவனை எல்லோரும் ரேடியோ என்பார்கள், திருகி அணைக்கக் குமிழ் கிடையாது என்பதால். அவன் போன வாரம் ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் பக்கத்து அறையிலிருந்து கேட்டாள்.

"கோட்டையை முற்றுகை போட்டா, மேல ஏறி வர்றவனைவிட கீழ தோண்டி வர்றவன்தான் சார் ஆபத்து. அதுக்குத்தான் இது. மதில் ஓரமா தரையில வெச்சு, மேல தானியத்தைத் தூவிட்டு ஒருத்தன் ராப்பகலா உக்காந்திருப்பான். கீழ எவனாவது கடப்பாறை போட்டா மேல தானியம் துள்ளும். அப்படி ஒரு தடவை துள்ளுச்சு. நம்ம ஆளு என்ன பண்ணான் தெரியுமா? பயந்து ஓடல. 'வழி திறந்திருக்கு, வாங்க'ன்னு முரசுல ஒரு தட்டு தட்டினான். கீழ இருந்தவங்க அதை நம்பி நேரா இங்கயே தோண்டிக்கிட்டு வந்தாங்க. கிட்ட வந்ததும் மேல இருந்து மண்ணைச் சரிச்சு அப்படியே மூடிட்டாங்க. கோட்டை தப்பிச்சுது."

"எதிரி எப்படி நம்பினான்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுதான் சார் இன்னைக்கு வரைக்கும் புதிர். மதிலுக்கு வெளியில இப்ப ஆய்வுக்காரங்க தோண்டிக்கிட்டு இருக்காங்க, சுரங்கம் கெடச்சா தெரியும்."

"தானியம் ஆடாம நின்னுட்டா ஆபத்து போயிடுச்சுன்னு அர்த்தமா?"

"ஐயோ, நின்னாதான் ஆபத்து. துள்ளுற வரைக்கும் தோண்டுறான். நின்னா வந்து சேர்ந்துட்டான்."

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

இப்போது அவள் தூரிகையால் கடுகை மறுபடி பரப்பினாள். குனிந்து, காதைத் தோலுக்கு அருகில் வைத்து, நடுவிரலால் விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தாள். எந்த இடத்தில் ஒலி மாறுகிறதோ அங்கே கயிற்றை இறுக்க வேண்டும். ஒரு முழுச் சுற்று வந்ததும், எல்லாம் சேர்ந்து எப்படி ஒலிக்கிறது என்று பார்க்க நடுவில் ஒரு தட்டு. இது அவள் கைக்குப் பழகிப்போன காரியம். இந்த வாரம் முழுக்க காலையிலும் மாலையிலும் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

ஒலி எங்கும் மாறவில்லை. தோல் எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கம்.

கடுகு மெல்ல நகர்ந்தது.

அவள் கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றாள். வெளியே மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. தெருமுனையில் ஏதோ வண்டி உறுமிவிட்டுப் போனது. பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடுகிறதா என்று காது கொடுத்தாள், ஓடவில்லை. புதுத்தோலின் வாடையும் நனைந்த துணியின் வாடையும் கூடத்தில் தேங்கி நின்றன. அவற்றுக்கு அடியில் வேறொரு வாடை, அப்போதுதான் வெட்டிய கிணற்றை எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் குளிர்ந்த மண் வாடை, சமையலறைப் பக்கமிருந்து தரையோடு தரையாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவில் வீடுகள் எல்லாமே பழைய கோட்டை மதிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பவை. அவர்கள் வீட்டுச் சமையலறையின் பின்சுவர் மதிலேதான். வாடகை குறைவு என்று அவள் கணவன் குதித்துக்கொண்டு வந்த வீடு. சுவர் ஈரம் காக்கும் என்று அவள் அப்போதே சொன்னாள்.

மகள் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். அம்மாவின் நகப்பூச்சைத் திருடி, வலது கை விரல்களில் நீலம் நீலமாக அப்பியிருந்தாள். கன்னம் தரைக்கல்லில் ஒட்டியிருந்தது.

"எழுந்திரு. சளி பிடிக்கும். யாரைக் கேட்டு அதை எடுத்தே?"

"உஷ். கேக்க விடு."

"என்ன கேக்கறே?"

"நீ தட்டுற மாதிரியே கீழ தட்டுறாங்க." மகள் நீல நகத்தால் கல்லில் வட்டமாகத் தட்டிக் காட்டினாள். பிறகு நடுவில் ஒன்று. "நானும் தட்டினேன். உடனே அவங்களும் தட்டினாங்க. நல்ல பிள்ளைங்க."

"பிள்ளைங்கன்னு யாரு சொன்னா?"

"சிரிக்கிறாங்களே."

அவள் மகளின் கையைப் பிடித்துத் தூக்கினாள், தேவைக்கு மேல் இறுக்கமாக. குட்டி "வலிக்குதும்மா" என்றதும்தான் பிடியைத் தளர்த்தினாள். தண்ணீர்க் குழாயாக இருக்கும். எலியாக இருக்கும். குழந்தை விளையாட்டுக்குச் சொல்கிறது. மகளைப் படுக்கையறையில் உட்கார வைத்து, நகம் காயும்வரை எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு வரும்போது கைப்பேசி அடித்தது.

ரேடியோ. எப்போதும் வணக்கத்துக்கு முன்னால் ஒரு கேலி வரும். இன்று வரவில்லை.

"அக்கா, தோண்டுற இடத்துல இருந்து பேசறேன். சுரங்கம் கெடச்சிருச்சு."

"நல்லதாப் போச்சு. இனி உன்னைப் பிடிக்க முடியாது."

"இல்லக்கா." அவன் மூச்சு விடுவது கேட்டது. "உள்ள இருக்கறதுல படைக்காரன் ஒருத்தன்கூட இல்ல. வாள் இல்ல, கேடயம் இல்ல, ஒண்ணும் இல்ல. கரண்டி இருக்கு. அரிவாள் இருக்கு. பானை ஓட்டாலகூட தோண்டியிருக்காங்க. வழி ரொம்பக் குறுகல். அதனால சின்னவங்களை முன்னாடி விட்டிருக்காங்க. முன்னாடி இருக்கற எலும்பெல்லாம்..." அவன் நிறுத்திக்கொண்டான். "கையில வளையலோட இருக்குக்கா. என் பொண்ணுக்குக்கூடப் பத்தாது, அவ்வளவு சின்ன வளையல்."

அவள் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தாள், குட்டி நகங்களை ஊதிக்கொண்டிருந்தாள்.

"எதிரி வந்ததும் கோட்டைக் கதவை அவசரமா மூடியிருக்காங்க. அப்ப வயல்ல இருந்தவங்க வெளியவே மாட்டிக்கிட்டாங்க. அவங்கதான்னு ஆய்வாளர் சொல்றாரு. நம்ம ஊர் ஜனம். வீட்டுக்கு வர வழி தோண்டியிருக்காங்க. நான் இத்தனை வருஷமா அந்தக் காவல்காரனை வீரன்னு சொல்லிக் கைதட்டு வாங்கிக்கிட்டு இருந்தேன்."

"அதனாலதான் அவங்க நம்பினாங்க" என்றாள் அவள். தன் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது.

"ஆமா. அந்தத் தட்டு அவங்க ஊர்த் தட்டு. உள்ள இருக்கறவன் நம்மாளு, திறந்துடுவான்னு நெனச்சிருப்பாங்க. அது எப்படின்னு பழைய கதைப்பாட்டுல வருதுக்கா, விளிம்பைச் சுத்தி வந்து நடுவுல ஒண்ணு. நீங்க தோல் பாக்கத் தட்டுவீங்களே, அச்சு அசல் அதேதான். நேத்துகூட உங்களைக் கேலி பண்ணணும்னு நெனச்சேன். அக்கா? இருக்கீங்களா?"

"சுரங்கம் எதுவரைக்கும் வந்திருக்கு?"

"மதிலைத் தாண்டிருச்சு. உங்க தெருவுக்கு அடியிலதான் எங்கேயோ மூடியிருக்காங்க."

அவள் கைப்பேசியை அணைத்தாள். கணவனுக்கு மாலை ஷிஃப்ட், தொழிற்சாலைக்குள் போனால் எடுக்க மாட்டான். எடுக்கவில்லை. யோசிக்க ஒன்றுமில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். மழையானாலும் சரி. காரணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், காரணம் சொல்லி யாரும் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

"குட்டி! ஷூவைப் போட்டுக்கோ. அப்பாவைப் பாக்கப் போறோம்."

"இப்பவா? மழையிலயா? ஹை!"

குடை கதவுக்குப் பின்னால் இருந்தது. சாவி வழக்கமாக மாட்டும் ஆணியில் இல்லை. பைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று.

இருட்டில் முதலில் மழைதான் கேட்டது. பிறகு அந்த மழைக்குள் இன்னொரு மழை, வீட்டுக்குள்ளேயே, மிக அருகில், பொடிப்பொடியாக. அது கடுகு. தோலின்மேல் துள்ளித் துள்ளி விழுந்துகொண்டிருந்தது. மேசையிலிருந்து சிதறித் தரையில் தெறித்தது. அவள் வெறுங்காலில் வந்து பட்டது. அவள் கைப்பேசியின் வெளிச்சத்தைப் போட்டாள். முரசின் மேல் கறுப்பாக ஒரு கொதிப்பு.

சாவி விரலில் தட்டுப்பட்டது.

அப்போது கடுகு நின்றது.

ஒரு மணிகூட அசையவில்லை.

சமையலறைக்குள் கல் ஒன்று கல்லோடு உரசி மெதுவாக நகர்ந்தது. குளிர் வந்தது. மண் வாடை வந்தது. ஈரமான எதுவோ தரையில் கைகளை ஊன்றும் ஓசை.

அவள் யோசிக்கவில்லை. ஓடிப் போய்ச் சமையலறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழைப் போட்டாள். பூனை வருகிறது என்று போன மாதம் கணவன் கூடத்துப் பக்கமாக அடித்துக் கொடுத்த இரும்புத் தாழ். கனமான தாழ். முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிம்மதி. கதவு கெட்டியானது. மூடியாயிற்று.

"குட்டி, வா. சீக்கிரம் வா."

படுக்கையறையிலிருந்து பதில் இல்லை.

வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். கட்டில். கசங்கிய போர்வை. மூடி திறந்த நகப்பூச்சுப் புட்டி.

ஷூ.

ஷூவை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தது அவள். போட்டுக்கொள் என்று சொன்னதும் அவள்.

முதுகுக்குப் பின்னால், கதவின் கீழ்ப்பகுதியில், சிறிய விரலொன்று தட்டியது. வட்டமாகத் தட்டிக்கொண்டே வந்தது. பிறகு நடுவில் ஒன்று.

"அம்மா, நான்தான். திற."

அவள் தாழில் கை வைத்தாள். இரும்பு சில்லென்றிருந்தது.

"அம்மா, நான்தான். திற." இது வேறு குரல். இன்னும் கீழிருந்து வந்தது. மண் அடைத்த தொண்டை.

"அம்மா, நான்தான்."

"நான்தான்மா."

"அம்மா."

யாரும் அழவில்லை. யாரும் கதவை இடிக்கவில்லை. கதவு திறந்துவிடும் என்று தெரிந்தவர்களைப்போலப் பொறுமையாக நின்றார்கள்.

அவள் சறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கதவைப் பார்க்கத் திரும்பி, கைப்பேசியைத் தரையில் வைத்து வெளிச்சம் காட்டினாள். கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் விரல்கள் வெளியே வந்தன. சின்ன விரல்கள். கதவின் இந்த நிலைக்காலிலிருந்து அந்த நிலைக்கால்வரைக்கும் வரிசையாக. எல்லாவற்றிலும் ஈரமண். எது யாருடையது என்று தெரியவில்லை.

நீலம். நீலம் இருக்கும்.

புடவைத் தலைப்பை எடுத்தாள். முதல் விரலைத் துடைத்தாள். மண்ணுக்கு அடியில் நகமே இல்லை, தோண்டித் தேய்ந்த நுனி. அடுத்தது. இல்லை. அடுத்தது. துடைக்கத் துடைக்க அவை அசையாமல் கொடுத்துக்கொண்டிருந்தன, மருதாணி வைத்துக்கொள்ளக் கை நீட்டும் பிள்ளைகளைப்போல. அடுத்தது. இல்லை. அடுத்தது.

நீலம்.

வெதுவெதுப்பாக இருந்தது. அவள் விரலைப் பற்றிக்கொண்டது.

இரண்டு பக்கமும் இருந்த விரல்களும் பற்றிக்கொண்டன. பிறகு அவற்றுக்கு அடுத்தவை. குளிர்ந்து, இறுக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக. அவளுடைய ஒரு கை தரையில் அவர்களிடம் இருந்தது. இன்னொரு கை தலைக்கு மேலே தாழில் இருந்தது.

கூடத்து இருட்டில், மேசைமேல், மிச்சமிருந்த கடுகு மறுபடி துள்ளத் தொடங்கியது. இந்த முறை கனமாக. பின்னால் வந்த பெரியவர்கள்.