பெண் பார்க்க வந்த கசிவுமானி

பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் பெண்ணின் விரலில் ஊசி குத்தினார்கள். பஜ்ஜி அதற்குப் பிறகுதான். செவ்வாய்க் குடியிருப்பின் ஏழாம் கூடாரத்தில் அதுதான் முறை. ஜாதகத்தை இங்கே வந்த முதல் தலைமுறையே கைவிட்டிருந்தது. செவ்வாயிலேயே குடியிருப்பவர்களிடம் செவ்வாய் தோஷம் பார்த்து யாருக்கு என்ன லாபம்?

ஜாதகம் போன இடத்தில் கசிவுமானி வந்து உட்கார்ந்துகொண்டது. மூளையின் நரம்பிழைகள் சிதையும்போது ஒரு புரதம் ரத்தத்தில் கசியும். ஒரு சொட்டு ரத்தத்தில் அதை அளந்து, முதுமையில் மறதி நோய் வருமா என்று எண்ணால் சொல்லும் கருவி அது. இருபதுக்குள் இருந்தால் தாம்பூலம். மீறினால் ஒரு கும்பிடு.

இளவெயினிக்கு முப்பத்தொன்று காட்டியது.

அவள் அப்பா மாசிலாமணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த எண்ணை மறுபடி பார்த்தார். காற்றுத் தோட்டத்தில் முப்பது வருடம் பாசி வளர்த்தவர்; ஒரே மகள். பனிச் சுரங்கப் பொறியாளன் நன்மாறனை அவளே பார்த்துப் பிடித்துப்போய், பெரியவர்கள் பேசிய சம்பந்தம் போல ஒப்பேற்றி இவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே," என்றார் நன்மாறனின் தாயார் செண்பகவல்லி, பஜ்ஜித் தட்டைத் தொடாமலே தள்ளி வைத்து. "எங்க வம்சத்துல மூணு தலைமுறையா பன்னெண்டைத் தாண்டினதில்ல."

"நம்பர்ல என்னம்மா இருக்கு? மனுஷங்கதான முக்கியம்?" மாசிலாமணி கெஞ்சினார். "எங்கப்பாவுக்கு நாப்பது காட்டுச்சு. தொண்ணூத்தஞ்சு வயசுலயும் எந்தக் கல்யாணத்துல எவன் தனக்கு வணக்கம் வைக்கலைன்னு வரிசையாச் சொல்லுவாரு."

இளவெயினி மரபணுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். "தாத்தா சொன்னது ஒண்ணுகூட தப்பில்ல, அத்தை. ரத்தத்துல சேர்ற புரதத்தைச் சில பேர் உடம்பு சீக்கிரம் கழுவித் தள்ளிடும், சில பேர் உடம்பு மெதுவா. அது பரம்பரையா மரபணுவுல வர்றது. எங்க குடும்பம் கொஞ்சம் சோம்பேறி. அதையும் சேர்த்துப் பார்த்தாத்தான் மூளையில நிஜமா எவ்வளவு கசியுதுன்னு தெரியும்."

கருவியில் அந்தத் திருத்தத்தை ஏற்றினாள். முப்பத்தொன்று சரசரவென்று இறங்கிப் பதினொன்றில் நின்றது. மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செண்பகவல்லி மட்டும் அசையவில்லை.

"இது நீயே போட்ட கணக்கு. எங்க பையனுக்கும் போட்டுக் காட்டு. அதே பன்னெண்டு வந்தா நம்புறேன்."

நன்மாறன் விரலை நீட்டினான். பன்னிரண்டு. திருத்தம் ஏற்றியதும் எண் மேலே கிளம்பியது. பதினெட்டு, இருபது, இருபத்தாறு. அவர்கள் வம்சத்து உடம்பு புரதத்தை வந்த வேகத்தில் கழுவிவிடுகிற ரகம். மூன்று தலைமுறைப் பெருமையும் அந்தக் கழுவலில் வந்ததுதான்.

செண்பகவல்லி தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னது வாஸ்தவம்ண்ணே. மனுஷங்கதான் முக்கியம்."

மாசிலாமணி கருவியின் பக்கம் குனிந்தார். இளவெயினிக்கு அது பிடிக்கவில்லை. "அப்பா, இது நோய் இல்ல. நாப்பது வருஷம் கழிச்சு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பாருன்னு சொல்ற நம்பர், அவ்வளவுதான். எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பத்து நிமிடத்துக்கு முன்னால் கெஞ்சிக்கொண்டிருந்த மனிதர், முதுகை நிமிர்த்தி அந்த இருபத்தாறையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தன் வீட்டுக் கூடத்தில் தானே நின்றுகொண்டு, வந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

"எதுக்கும் ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்" என்று சொல்லிவிட்டு, வாசலில் தன் செருப்பைத் தேடினார்.