மேனேஜர் ஏறாத ஜீப்

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஜீப் தயாரானது.

அம்மாவின் பட்டறையில் அது மூன்று வாரமாக நின்றிருந்தது. மிகப் பழைய ஜீப். கால்நடைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவுடையது. போன வருடம் மலைப் பாதையில் ஒரு பாறை அதன் அடியில் இடித்து, என்ஜின் எண்ணெய் முழுக்க ஒழுகிவிட்டது. ஐஸ் பெட்டியில் இருந்த ஊசி மருந்தெல்லாம் வெயிலில் வீணானது. மேலே பட்டிகளில் இருந்த ஆடுகளுக்கு அந்த வருடம் தடுப்பூசி போட முடியவில்லை.

"இந்தத் தடவை எந்தப் பாறையும் என் ஜீப்பைத் தொடக் கூடாது, மெக்கானிக்கம்மா" என்று சொல்லித்தான் டாக்டரம்மா வண்டியை விட்டுப் போயிருந்தார்.

அம்மா சக்கரங்களுக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி ஜீப்பை உயர்த்தினார். பெரிய சக்கரங்கள் மாட்டினார். என்ஜினுக்கு அடியில் கனமான இரும்புத் தகடு ஒன்றை வெல்டர் மாமா பொருத்தினார்.

அளவெடுக்கும் வேலை முழுக்க ஸ்கேலுடையது.

ஸ்கேல், அம்மாவின் மகள். வயது பத்து. நெட்டையாக, ஒல்லியாக இருப்பாள். சட்டைப் பையில் எப்போதும் அளக்கும் டேப் இருக்கும். அதனால் மாமா வைத்த பெயர் அது. போன வாரம் அவள்தான் தரையில் படுத்துக்கொண்டு, "அம்மா, ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பு" என்றாள். பிறகு, "இங்க சக்கரம் மட்கார்டுல உரசுது. விரல்கூட நுழையலை" என்றாள். அம்மா இறங்கி வந்து பார்த்துவிட்டு மட்கார்டின் ஓரத்தை வெட்டி எடுத்தார்.

எல்லா அளவும் சுவரில் இருந்த கரும்பலகையில் எழுதப்பட்டிருந்தது. ஸ்பிரிங்கால் உயர்ந்தது எட்டு சென்டிமீட்டர். சக்கரத்தால் உயர்ந்தது ஐந்து. மொத்தம் பதின்மூன்று.

டாக்டரம்மா வந்தார். குட்டையான மனிதர். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு தொங்கு தொங்கி ஏறி உட்கார்ந்தார்.

"அடேயப்பா. மாடியில உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார். "மேனேஜர், வா."

மேனேஜர் என்பது டாக்டரம்மாவின் நாய். பதினோரு வயது. முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து வழியெல்லாம் மேற்பார்வை பார்த்துக்கொண்டே போகும்.

மேனேஜர் தன் பக்கத்துக் கதவுக்கு நடந்து வந்தது. முன்கால் இரண்டையும் தூக்கி வைத்தது. எம்பியது. கால்கள் சறுக்கின. இன்னொரு தடவை எம்பியது. மறுபடியும் சறுக்கின.

பிறகு, ஏறுவதற்கே வரவில்லை என்பது போலத் திரும்பி, புதுச் சக்கரத்தை மோந்து பார்த்தது. பின்னங்காலைத் தூக்கி அதை நனைத்தது.

"பார்த்தாச்சுன்னு மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டார்" என்றார் மாமா.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா இறங்கி வந்து அதைத் தூக்கப் பார்த்தார். மேனேஜர் மெல்ல உறுமியது.

"இடுப்புல பழைய அடி. தூக்கினா வலிக்கும்" என்றார் டாக்டரம்மா.

ஒரு பலகையைச் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். மேனேஜர் பாதி தூரம் ஏறி வழுக்கி இறங்கியது. அதன் பிறகு பலகையைக் கண்டாலே நகர்ந்துகொண்டது.

"இது இல்லாம போனா என்ன?" என்று மாமா கேட்டார்.

"முந்நூறு ஆடு. பட்டி வாசல்ல இது போய் நின்னா ஒரு ஆடும் தாண்டாது. இல்லேன்னா ஊசியோட நான் மலை முழுக்க ஓடணும்." டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "சனிக்கிழமை காலையில கிளம்பியாகணும். அதுக்கப்புறம் மழை வந்துடும். பழைய சக்கரத்தையும் ஸ்பிரிங்கையுமே மாட்டிக் கொடுத்துடுங்க."

அம்மாவின் முகம் வாடியது. "மாட்டலாம் டாக்டரம்மா. ஆனா அதே பாறை அங்கேயேதான் இருக்கு."

"இரும்புல ஒரு படி அடிச்சுத் தரேன்" என்றார் மாமா.

"படி கீழே தொங்கும். முதல் பாறையிலேயே மடங்கிக் கதவையும் பிச்சுக்கிட்டு வரும்" என்றார் அம்மா.

ஸ்கேல் கரும்பலகையைப் பார்த்தாள். சக்கரத்தை அளந்தார்கள். ஸ்பிரிங்கை அளந்தார்கள். ஏறுபவரை யாரும் அளக்கவில்லை. டேப் அவள் பையில்தான் இருந்தது.

"நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் கழட்டாதம்மா. நான் பார்க்கிறேன்" என்றாள்.

"ஆறு மணி வரைக்கும். அதுக்கு மேல கழட்டத் தொடங்கினாத்தான் விடியறதுக்குள்ள முடியும்" என்றார் அம்மா.

ஜீப்பை விட்டு மேனேஜர் வீட்டுக்குப் போக மறுத்தது. அதனால் பட்டறையிலேயே தங்கியது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகும் முன் ஸ்கேல் ஒரு கயிற்றுப் படி செய்தாள். கயிறு பாறையில் பட்டாலும் உடையாது. ஆனால் மேனேஜர் கால் வைத்ததும் படி ஊஞ்சல் போல ஜீப்புக்கு அடியில் ஓடியது. மேனேஜர் காலை எடுத்துக்கொண்டு ஸ்கேலைப் பார்த்தது. கணக்கைத் தப்பாகப் போட்டவரைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"சரி, சரி. முறைக்காத" என்றாள் அவள்.

பள்ளி முடிந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். மணி நாலரை. மேனேஜரைக் காணவில்லை.

"உள்ள மூலையில பார். மதியத்திலிருந்து அங்கேதான்" என்றார் மாமா.

ஜீப்பிலிருந்து கழற்றிய பழைய டயர்கள் மூலையில் படுக்க வைக்கப்பட்டிருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. அதன் மேல் ஏறி மேனேஜர் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"நீயா ஏறின?" என்று ஸ்கேல் கேட்டாள். மேனேஜர் ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

டேப்பை எடுத்து அளந்தாள். முப்பத்தாறு. ஜீப்பின் தரை எவ்வளவு? கரும்பலகை சொன்னது: அறுபத்தெட்டு. அதில் பாதி முப்பத்துநான்கு. நடுவில் ஒரு படி இருந்தால் மேனேஜர் தாராளமாக ஏறிவிடும்.

ஆனால் எதில் செய்வது? இரும்பு மடங்கும். கயிறு ஆடும்.

யோசித்தபடியே டயரை ஓர் உதை விட்டாள். ரப்பர் உள்ளே போனது. உடனே பழையபடி நிமிர்ந்தது. இன்னும் ஓங்கி உதைத்தாள். மறுபடியும் நிமிர்ந்தது.

"என்னடி, டயர் மேல கோபமா?"

"இல்ல மாமா. இது ஸ்பேர் டயர்தானே, வெட்டித் தருவீங்களா?"

மாமா சோப்புத் தண்ணீர் தடவி, வியர்க்க வியர்க்க வெட்டினார். கனமான இரண்டு பட்டைகள் கிடைத்தன. ஸ்கேல் சாக்பீஸால் கோடு போட்டாள். அம்மா கோட்டைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், துளை போடும் இயந்திரத்தை எடுத்து வந்தார்.

"ஒரு பட்டைக்கு மூணு போல்ட். ரெண்டு போதாது" என்று மட்டும் சொன்னார்.

மேனேஜர் பக்கத்துக் கதவுக்குக் கீழே இரண்டு பட்டைகள் தொங்கின. அவற்றை இணைத்து அடியில் ஒரு சின்னப் பலகை. கால் வழுக்காமல் இருக்க அதன் மேலும் அதே டயரின் ரப்பர். தரையிலிருந்து சரியாக முப்பத்துநான்கு சென்டிமீட்டர்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு கல் குவியல் இருந்தது. அம்மா ஜீப்பை அதன் மேல் மெதுவாக ஏற்றினார். ஒரு பெரிய கல் படியில் இடித்தது. படி பின்பக்கம் மடங்கியது. ஸ்கேல் குனிந்து பார்த்தாள். ஜீப் கல்லைத் தாண்டியதும் படி 'டப்' என்று நிமிர்ந்து பழைய இடத்துக்கு வந்தது.

"பிச்சுக்கிட்டு வரலை" என்றார் அம்மா. ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். மணி ஐந்தே முக்கால்.

"மேனேஜரையும் ஒரு தடவை ஏத்திப் பார்த்துடலாமா?" என்று மாமா கேட்டார்.

ஸ்கேல் படியின் அருகே போய் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. மேனேஜர் தானாகவே வந்தது. படியை மோந்தது. தன்னுடைய பழைய டயரின் வாசனை. இன்னொரு தடவை மோந்தது. முன்கால்களை வைத்தது. படி கொஞ்சம் அசைந்தது, ஓடவில்லை. பின்னங்கால்கள் ஏறின. ஒரு நிமிடம் அங்கேயே நின்று யோசித்தது. பிறகு உள்ளே போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்து நேரே முன்னால் பார்த்தது.

"சாவி போடலாம்னு உத்தரவு வந்தாச்சு" என்றார் மாமா. இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் மருந்துப் பெட்டியும் மேனேஜருமாக ஜீப் கிளம்பியது. அன்று முழுக்க ஸ்கேலுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. ஐந்து தடவை வாசலுக்குப் போய் வந்தாள். வானத்தில் மேகம் திரண்டபோது ஆறாவது தடவையும் போனாள்.

முதல் தூறல் விழும்போது ஜீப் வந்தது. கூரை வரை சேறு. படியில் நான்கைந்து கீறல்கள். ஆனால் படி தொங்கிய இடத்திலேயே தொங்கியது. மேனேஜர் அதில் கால் வைத்து நிதானமாக இறங்கி, நேராகத் தண்ணீர்ச் சட்டியை நோக்கிப் போனது.

"அந்தப் பாறை?" என்று அம்மா கேட்டார்.

"தாண்டும்போது கண்ணை மூடிக்கிட்டேன். திறந்தா பாறை பின்னாடி இருக்கு" என்றார் டாக்டரம்மா. "முந்நூறு ஆட்டுக்கும் ஊசி போட்டாச்சு. ஒண்ணுகூட வாசலைத் தாண்டலை."

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதென்ன டாக்டரம்மா, உங்க முழங்கை ரெண்டுலயும் சிராய்ப்பு?"

டாக்டரம்மா கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு ஸ்கேலின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பழைய டயர்ல மிச்சம் இருக்கா? என் பக்கமும் ஒரு படி வேணும். ஸ்டியரிங்ல தொங்கித் தொங்கித்தான் இன்னிக்குப் பூரா ஏறினேன்."

"வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாமே?"

"மேனேஜர் பக்கத்துல நிக்கும்போது எப்படிச் சொல்றது?"

ஸ்கேல் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தாள்.

"நேரா நில்லுங்க டாக்டரம்மா" என்றாள்.